சும்மா எலிகள் தின்ற மாவு

மூன்றரை ஆண்டு ஆராய்ச்சியில் பாதிக் காலம் நான் எலிகளுக்குச் சாயம் ஊட்டினேன். அதற்காக எனக்கு முனைவர் பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பட்டம் என் கைக்கு வருவதற்கு முன் இன்னொருவருக்கு வேலை போனது. அவர் எலிகளைப் பார்த்துக்கொண்ட அட்டெண்டர். வேலையைப் பறித்த காகிதத்தில் என் கையெழுத்தும் இருந்தது. இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசியில் தொடங்கியது இது. எங்கள் வீடு வில்லாபுரத்தில். அப்பா ஓர் அலுவலகத்தில் எழுத்தர். உயிர்வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். துறைப் பேராசிரியர்தான் எனக்குக் கைடு. சார் என்றே சொல்கிறேன். நல்ல வாத்தியார். குறிப்பேடு பார்க்காமல் பாடம் நடத்துவார், முட்டாள்தனமான கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். அவரைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

முதல் ஆண்டு முழுக்கத் தின்பண்டங்களில் என்ன சாயம் இருக்கிறது என்று பார்த்தேன். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கடை கடையாக நின்று பூந்தி, ஜாங்கிரி, கலர் சர்பத், பஞ்சுமிட்டாய் என்று வாங்கிவருவேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என் பையைப் பார்த்து, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறார்கள். பண்டத்தை நீரில் கரைத்து, எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, கொஞ்சம் அமிலம் சேர்த்து, அதில் வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுக் கொதிக்கவைப்பேன். மஞ்சள் கிழங்கின் நிறமெல்லாம் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். செயற்கைச் சாயம் நூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அந்த நூலை அமோனியா கலந்த நீரில் போட்டால் சாயம் இறங்கிவிடும். இறங்கியதைத் தாளில் சொட்டு வைத்து, தாளின் அடிநுனி திரவத்தில் படும்படி தொங்கவிட்டால், திரவம் மேலே ஏற ஏற ஒவ்வொரு சாயமும் தன் தன் உயரத்தில் போய் நின்றுவிடும். அதற்கென்று கண்ணாடித் தொட்டி வாங்கித் தர ஆளில்லை. மிட்டாய்க் கடையில் பழைய கண்ணாடி ஜாடிகளைக் கேட்டு வாங்கி அதில்தான் தாள்களைத் தொங்கவிட்டேன்.

நான் தேடிய சாயத்துக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. மெட்டானில் மஞ்சள் என்று பெயர். துணிக்கும் தோலுக்கும் போடுவது. தின்பதற்கு அனுமதி இல்லை. சாயக்கடையில் பொட்டலமாகக் கிடைக்கும். அது கலந்த பண்டத்தின் மேல் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் போதும், மஞ்சள் உடனே பளீரென்று ரோஸாகிவிடும். மஞ்சள் தூளும் சிவக்கும், ஆனால் தண்ணீர் ஊற்றினால் அந்தச் சிவப்பு போய்விடும். இந்தச் சாயத்தின் ரோஸ் போகாது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்துவிடலாம்.

"சாயம் இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்கிறது இன்ஸ்பெக்டர் வேலைம்மா," என்றார் சார், ஆண்டு முடிவில். "அது உடம்புக்குள்ள போய் எப்படி விஷமாகுதுங்கிறதுதான் நம்ம கேள்வி."

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்துப்போனது. இன்றைக்கும் அது நல்ல கேள்விதான். சாயத்தின் மூலக்கூறு நடுவே இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு கட்டு இருக்கிறது. நிறம் அந்தக் கட்டிலிருந்துதான் வருகிறது. குடலில் குடியிருக்கும் பாக்டீரியா அதை அறுத்துவிடும். அறுந்த துண்டுகளுக்கு அமீன் என்று பெயர். அவை ரத்தத்தில் ஏறி ஈரலுக்குப் போகும். ஈரல் அவற்றை வெளியே தள்ளப் பாடுபடும். அப்படிப் பாடுபடும்போது சில நேரம் முன்னைவிட மோசமான ஒன்றை அதுவே உண்டாக்கிவிடும்.

இதைச் சோதனைக் குழாயிலேயே பார்த்தேன். எலியின் குடல் கழிவைக் கொதிக்கவைத்து ஆறிய திரவத்தில் கரைத்து, சாயத்தைச் சேர்த்து, காற்றுப் புகாமல் இருக்க மேலே ஒரு விரற்கடை பாரஃபின் எண்ணெயை ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்தேன். காலையில் எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தது மாலைக்குள் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்துவிட்டது. சாயம் அழிந்துவிட்டது என்று நான் சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். சார் சிரித்தார்.

"அழியலைம்மா. இனிமே உன் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அடுத்தது எலிகளுக்கு மாதக்கணக்கில் ஊட்டிப் பார்க்கும் சோதனை. அங்கேதான் அட்டெண்டர் அண்ணன் வந்தார்.

எலி ரூம் கல்லூரியின் பின்புறம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. அண்ணனுக்கு அப்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். சோழவந்தானிலிருந்து தினமும் ரயிலில் வருவார். இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். கத்திரி வெயிலில் கூரைமேல் சாக்கை நனைத்துப் போட்டு, மணிக்கொரு தரம் ஏறித் தண்ணீர் ஊற்றுவார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவருக்கு உத்தரவு போட்டதில்லை. எலிகளை வால் பிடித்துத் தூக்கமாட்டார். உள்ளங்கையைக் கொடுத்து ஏறவைப்பார்.

எலிகளை நான்கு கூட்டமாகப் பிரித்தோம். மூன்று கூட்டங்களின் தீனியில் சாயம் கொஞ்சம், நடுத்தரம், அதிகம் என்று மூன்று அளவில் கலந்தோம். நான்காவது கூட்டத்துக்குச் சாயமே கிடையாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருப்பது. நாங்கள் கன்ட்ரோல் என்போம். அண்ணன் அவற்றுக்குச் சும்மா எலி என்று பெயர் வைத்துவிட்டார்.

"சும்மா எலிக்கு வச்சாச்சும்மா. இனிமே உங்க மஞ்சக் கூட்டத்துக்குத்தான்."

தயாராக விற்கும் தீனி வடக்கிலிருந்து வர வேண்டும், வந்தால் வரும். அதனால் நான்கு கூட்டத்துக்கும் நாங்களே கோதுமை மாவு, கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய், உப்பு, வைட்டமின் எல்லாம் சேர்த்துப் பிசைந்தோம். கடலை மாவு மாசி வீதிப் பக்கம் ஒரு மாவுக் கடையிலிருந்து மாதம் ஒரு மூட்டை வரும். புது மூட்டை வந்ததும் பழையதில் அடிமாவு கொஞ்சம் மிஞ்சும். வைத்திருந்தால் வண்டு விழும்.

"கீழ கொட்டத்தான போறோம்? நான் வீட்டுக்குக் கொண்டு போகட்டுமாம்மா? பிள்ளைக பஜ்ஜி கேட்டுக்கிட்டே இருக்குதுக."

"கொண்டு போங்கண்ணே. கடை பஜ்ஜியில என்ன கலக்குறானோ. இது ஆராய்ச்சிக்கு வாங்குற மாவு, சுத்தமானது."

நான் சொன்ன வார்த்தைகள் இவைதான். ஒரு எழுத்துக்கூட மாறாமல் நினைவிருக்கிறது. மாதம் தவறாமல் ஒரு தூக்குப் போணியில் மாவை எடுத்துக்கொண்டு, அதை என்னிடம் காட்டிவிட்டுத்தான் போவார். ஒன்றரை ஆண்டு அப்படிப் போனது.

எலிகளின் சிறுநீரில் அமீன் எவ்வளவு என்று வாரம் ஒரு முறை அளப்பேன். சில ரசாயனங்களைச் சேர்த்தால், அமீன் இருக்கும் அளவுக்கு ஊதாச் சிவப்பு நிறம் வரும். அந்த நிறத்தை அளக்கக் கலரிமீட்டர் என்று ஒரு பெட்டி. ஆனால் எந்த எலியின் சிறுநீரிலும் இயற்கையாகவே லேசாக ஒரு நிறம் வரும். அதைக் கழித்தாக வேண்டும். அதற்காக, சும்மா எலியின் சிறுநீரை முதலில் பெட்டிக்குள் வைத்து, முள்ளைத் திருகிப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு, பிறகு மற்றவற்றை வைக்க வேண்டும். சார் கற்றுக்கொடுத்த முறை அது. தப்பான முறையும் இல்லை.

கூடவே ரத்தத்தைப் பார்த்தோம், ஈரலை மெழுகில் பதித்துச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். அதிகம் தின்ற எலிகளின் ஈரல் கெட்டிருந்தது. நடுத்தரத்துக்கும் கெட்டிருந்தது. கொஞ்சமாகத் தின்ற எலிகளின் ஈரலில் அங்கங்கே மட்டும் லேசான சேதம். வேடிக்கை என்னவென்றால், சும்மா எலிகளின் ஈரலிலும் அதே லேசான சேதம்.

"கன்ட்ரோலுக்கும் இருக்குன்னா அது சாயத்தால வந்ததில்ல," என்றார் சார். "எலிகளுக்கு வயசாகுது. வெயில் வேற. ஆக, கொஞ்சம் தின்னா ஒண்ணும் ஆகாது. இதுவும் ஒரு ரிசல்ட்தாம்மா."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நானே கையால் வரைபடம் போட்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலை. சும்மா எலிக் கூண்டில் சிறுநீர் பிடிக்க வைத்திருந்த குப்பி கவிழ்ந்துபோய், மிகக் கொஞ்சம்தான் கிடைத்தது. ஒவ்வொரு குழாய்க்கும் முன் முள்ளைப் பூஜ்யத்தில் வைக்க அது போதாது. சரி, இன்றைக்கு வெறும் தண்ணீரை வைத்துப் பூஜ்யம் பண்ணுவோம், பிறகு கழித்துக்கொள்வோம் என்று நினைத்தேன். தண்ணீரை வைத்து முள்ளை நிறுத்தினேன். சும்மா எலியின் குழாயை உள்ளே வைத்தேன். முள் நகரும் என்று தெரியும், ஒரு நூல் அளவு. அது ஓடியது. கொஞ்சம் சாயம் தின்ற எலிகளுக்கு எங்கே போய் நிற்குமோ, கிட்டத்தட்ட அங்கே போய் நின்றது.

குழாய் அழுக்கு என்று நினைத்து எல்லாவற்றையும் கழுவி மறுபடி செய்தேன். அதேதான். ஒன்றரை ஆண்டாகச் சாயத்தின் மேலேயே பூஜ்யத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பெட்டியின் மேல் தப்பில்லை. எதைப் பூஜ்யம் என்று நான் சொன்னேனோ அதைத்தான் அது காட்டியது.

எலி ரூமுக்குப் போனேன். தீனியில் சேர்க்கும் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து அமிலம் விட்டேன். கோதுமை மாவு ஒன்றும் ஆகவில்லை. பால் பவுடர் ஒன்றும் ஆகவில்லை. கடலை மாவு ரோஸானது. தண்ணீர் ஊற்றினேன், போகவில்லை.

அண்ணன் கூண்டு கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, பஞ்சுமிட்டாய் கணக்கா இருக்கு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நேராகச் சாரிடம் போனேன்.

சார் கிண்ணத்தை வெகுநேரம் பார்த்தார். சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மேசையில் வைத்து ஒரு தாளால் மூடினார்.

"எந்த மூட்டையிலேர்ந்து இப்படி?"

"தெரியலை சார். பழைய மாவு எதையும் எடுத்து வைக்கலை."

"அப்ப இந்த ஒரு மூட்டைதான் இப்படின்னும் இருக்கலாம். ஆரம்பத்துலேர்ந்தே இருந்துச்சுன்னு உன்னால நிரூபிக்க முடியுமா?"

"சும்மா எலி... கன்ட்ரோல் ஈரலைப் பாத்தாலே தெரியுதே சார்."

"அது வயசு," என்றார். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "இங்க பாரும்மா. கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பியாச்சு. உனக்கு உதவித்தொகை இன்னும் எட்டு மாசந்தான். திரும்ப முதல்லேர்ந்து ஊட்டணும்னா யாரு எலி குடுப்பா? மாவை மாத்து. எழுதாத."

அவர் சொன்னதில் ஒவ்வொரு வாக்கியமும் உண்மைதான். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அண்ணனிடம் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். அந்த இரண்டு நாளும் அவர் எப்போதும்போல் வந்தார், போனார். வீட்டில் பழைய மாவு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு விவரத்தைச் சொன்னேன். நின்றவர் அப்படியே தீனி டப்பாவின் மேல் உட்கார்ந்தார்.

"எம்புட்டு நாளா?"

"தெரியலண்ணே."

"என் பிள்ளைகளுக்கு என்னம்மா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே. கொஞ்சந்தான்."

"அந்தக் கொஞ்சத்துக்குத்தான இந்த எலிக ஈரலு கெட்டுப்போச்சுன்னு பேசிக்கிட்டிருந்தீக?" அவர் சத்தம் போடவில்லை. "ரத்தத்த எடுத்து உங்க பெட்டியில வச்சுப் பாக்க முடியாதா?"

"பாக்கலாம்ணே. ஆனா யாரோட ரத்தத்தோட ஒப்பிட்டுப் பாக்குறது? ஊர்ல இத திங்காத பிள்ளை யாருன்னு எனக்குத் தெரியலையே."

இதைச் சொன்னபோது நான் புத்திசாலித்தனமாக ஏதோ சொல்லிவிட்டதாகக்கூட எனக்குள் ஓர் எண்ணம் ஓடியது. பிள்ளை பெற்ற ஒருவரிடம் போய் அதைச் சொல்லியிருக்கிறேன்.

அவர் டப்பாவை விட்டு எழுந்தார். பிறகு, "அந்தத் தண்ணியில கொஞ்சம் ஒரு சின்ன பாட்டில்ல குடுங்கம்மா. வீட்டுல இருக்கிற மாவுல நானே ஒருக்காப் பாத்துர்றேன்," என்றார். சொட்டு மருந்துப் பாட்டில் ஒன்றைக் கழுவி, அமிலத்தை நீர் சேர்த்துக் குறைத்து ஊற்றிக் கொடுத்தேன். கையில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சூதானமா இருந்துக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வேலைக்கு வரவில்லை. வீட்டு மாவு ரோஸானதைப் பார்த்துவிட்டு, பாட்டிலோடு நேராக மாசி வீதிக்குப் போயிருக்கிறார். காலை பத்து மணி, கடையில் நல்ல கூட்டம். கடைக்காரர் நிறுத்துக்கொண்டிருந்த கடலை மாவின் மேல், தராசுத் தட்டிலேயே பாட்டிலைக் கவிழ்த்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் பார்க்கப் பார்க்க மாவு நிறம் மாறியிருக்கிறது. "நீங்க திங்குறத நல்லாப் பாத்துக்கங்க!" என்று கத்தியிருக்கிறார். கடை ஆட்கள் அவரைக் கீழே தள்ளியிருக்கிறார்கள். முழங்கையில் தோல் பிய்ந்துபோனது. மாவில் ஆசிட் ஊற்றிப் பாழாக்கிவிட்டான், கல்லூரியிலிருந்து திருடிக்கொண்டுவந்த ஆசிட் என்று கடைக்காரர் கல்லூரிக்குப் போன் பண்ணிவிட்டார். உணவு ஆய்வாளர் ஒருவர் இரண்டு வாரம் கழித்து வந்து அந்தக் கடையில் மாதிரி எடுத்துப் போனாராம். அன்றைக்கு இருந்த மாவு சுத்தமாக இருந்ததாம்.

கடைக்காரர் போன் பண்ணிய பிறகுதான் எனக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது. கல்லூரி விடுதிச் சமையலுக்கும் அதே கடையிலிருந்துதான் மாவு வந்துகொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான பெற்றோர் வந்து நின்று கேட்டால் யார் பதில் சொல்வது? அட்டெண்டர் ஒரு திருடன், கோபக்காரன் என்றாகிவிட்டால் மாவைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். முதல்வர் அறையில் வைத்து இதை யாரும் இப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை. அனுமதி இல்லாமல் எலித் தீனியையும் அமிலத்தையும் வெளியே எடுத்துச் சென்றதாகக் குற்றச்சாட்டு தயாராக இருந்தது. அதற்கு ஒத்தாற்போல் நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"அவருக்கு மாவு கொண்டு போக நான்தான் சார் சொன்னேன். ஆசிட்டும் நான்தான் குடுத்தேன்," என்றேன் சாரிடம், வராந்தாவில் வைத்து.

"அப்படி எழுதிக் குடுத்தா உன்னையும் சேத்துத்தான் வெளிய அனுப்புவாங்க. அந்தாளுக்கு வேலை திரும்ப வரப்போறதில்ல. ரெண்டு பேர் போறதுக்கு ஒருத்தர் போகட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் ஆய்வேட்டுல நான் இன்னும் கையெழுத்துப் போடலைம்மா," என்றார். மிரட்டுகிற தொனியே இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். சோறு தின்றுகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு," என்றார். அப்பா சொன்னதால் எழுதினேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பேன்.

மேற்படி நபருக்குத் தீனியையோ ரசாயனப் பொருட்களையோ வெளியே எடுத்துச் செல்ல நான் எவ்வித அனுமதியும் அளிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணை அன்று அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, முழங்கைக் கட்டோடு வந்திருந்தார். என் கடிதத்தை அவர் முன்னால் படித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, நான் ஏதாவது சொல்வேன் என்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். "அந்தப் பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

அதன்பின் எலி ரூமுக்கு ஆள் போடவில்லை. நானே கூண்டு கழுவினேன், தண்ணீர் வைத்தேன். கூரையில் ஏறிச் சாக்கை நனைக்க என்னால் முடியவில்லை. அந்த வெயிலில் சில எலிகள் செத்தன. மீதியைச் சோதனை முடிந்தது என்று மயக்க மருந்து கொடுத்து நானே முடித்தேன். இல்லாவிட்டால் யார் பார்த்துக்கொள்வது? ஈரல்களை வரிசையாகப் பதித்து, சீவி, நிறமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டினேன். அழகாக வந்திருந்தன. புறத்தேர்வாளர் பாராட்டினார்.

கருத்தரங்கில் சார் கட்டுரை படித்தார். சிறிய அளவில் இந்தச் சாயம் குறிப்பிடத்தக்க கேடு செய்வதில்லை என்பது முடிவு. நான் பக்கத்தில் நின்று படங்களை மாற்றிக்கொடுத்தேன். ஒருவர் எழுந்து, கன்ட்ரோல் ஈரலிலும் லேசான மாற்றம் தெரிகிறதே என்று கேட்டார். வயதின் காரணமாக, என்றார் சார். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு அது ஒரு சஞ்சிகையில் அச்சாகி வந்தது, சாரின் பெயருக்குப் பின்னால் என் பெயரோடு. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கடலை மாவைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதிச் சேர்த்திருந்தேன். தட்டச்சுக்குப் போவதற்கு முன் சார் அதை உருவி எடுத்துவிட்டார். நான் கேட்கவில்லை.

பட்டம் வாங்கி, வேறொரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலையும் கிடைத்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அப்போது வருகிற தைரியத்தால் யாருக்கு என்ன லாபம்? சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினேன். கன்ட்ரோல் எலிகளின் தீனியிலும் சாயம் இருந்தது, அந்த முடிவு செல்லாது என்று. முதல் ஆசிரியரின் ஒப்புதல் வேண்டும் என்று பதில் வந்தது. சாரிடம் கேட்டேன். அவர் என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். ஒப்புதல் மட்டும் கொடுக்கவில்லை. கட்டுரை அப்படியே இருக்கிறது. கொஞ்சம் தின்றால் ஒன்றும் ஆகாது என்று அதைக் காட்டி வேறு சிலர் எழுதியதையும் பின்னாளில் படித்திருக்கிறேன்.

சஞ்சிகைக்குக் கடிதம் எழுதிய அதே ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானுக்கு ரயில் ஏறினேன். விசாரித்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். அண்ணனின் மனைவி வாசலில் வெற்றிலையை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் அவர் கை நின்றது.

"நீங்கதானா அது?"

"அண்ணனப் பாக்கணும்."

"வெத்தலைக் கொடிக்கால்ல இருக்காரு. உக்காருங்க." உள்ளே போகச் சொல்லவில்லை. மறுபடி வெற்றிலையை எடுத்தார். "உங்களப் பத்தி வீட்டுல எம்புட்டு நல்லாச் சொல்லுவாருங்கிறீங்க. படிச்ச பிள்ளை, அண்ணேன்னுதான் கூப்புடும்னு. கையெழுத்துப் போட்டது நீங்கதான்னு எங்கிட்ட அவரு சொல்லவே இல்ல. ரயில்ல கூட வாரவுக சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிச்சு நான் என்னத்தச் செய்ய? பெரியவ படிப்ப நிப்பாட்டியாச்சு. சின்னவளுக்கு லேசா வயித்த வலிச்சாலும் இந்த மனுசன் பயந்து சாகுறாரு. அந்த மாவுதான், அந்த மாவுதான்னு. டாக்டர்ட்டக் கொண்டு போனா ஒண்ணுமில்லங்கிறாக. நீங்க சொல்லுங்க. டாக்டருக்குத்தான் படிச்சிருக்கீங்க. அந்த மாவாலயா, இல்லையா?"

"தெரியலம்மா," என்றேன்.

"அப்ப என்னத்தத்தான் படிச்சீக?"

அண்ணன் கொடிக்காலிலிருந்து முழங்கால் வரை சேறோடு வந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாங்கம்மா என்றார், பழைய மாதிரியே. கையைக் கழுவிவிட்டு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் சொல்ல வந்ததையெல்லாம் சொன்னேன். சஞ்சிகைக்கு எழுதியது, பதில் வந்தது, எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அது அவருக்கு ஒன்றுமே இல்லை என்று பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் முழுதாகச் சொல்லி முடித்தேன்.

"எலிகளுக்கு யாரு தண்ணி வச்சா?" என்று கேட்டார்.

"நான்தாண்ணே."

"கூரையில?"

"முடியலண்ணே. வெயில்ல கொஞ்சம் செத்துப்போச்சு. மிச்சத்த நானே முடிச்சிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். அப்புறம் எழுந்து, "நாலு மணி வண்டிய விட்டா அடுத்து நேரமாகும்," என்றார்.

ரயிலடி வரை தனியாக நடந்தேன். அவர் கூட வந்து வழி காட்டுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.